தங்கராஜ் வீட்டுத் தொட்டி

என் மகன் செகந்திராபாத் பக்கம் அல்வாலில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். போன மாதம் குளியலறைச் சாமான்கள் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனான். கடையில் படகு மாதிரி ஒரு பெரிய வெள்ளைத் தொட்டியை நடுவில் வைத்து, மேலே விளக்குப் போட்டிருந்தார்கள். அங்கிருந்த பையன் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி அதன் பெருமையைச் சொன்னான். மருமகள் என்னைக் காட்டி, அத்தை காலமெல்லாம் தண்ணீர் சப்ளையில்தான் வேலை பார்த்தவர், அவரையே கேட்டுவிடலாம் என்றாள்.

நான் இரண்டு கேள்விதான் கேட்டேன். இது நிறைய எவ்வளவு தண்ணீர் வேண்டும்? நிறைந்த தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும்? முதல் கேள்விக்குப் பையன் அட்டையைப் பார்த்துப் பதில் சொன்னான். இரண்டாவதை பிளம்பர் பார்த்துக்கொள்வார் என்றான்.

திரும்பி வரும்போது காரில் மகன் கேட்டான், நீ எப்போதாவது வீட்டுத் தொட்டிக்கு பிளான் போட்டிருக்கிறாயா என்று. முப்பத்தைந்து வருஷத்தில் ஒரே ஒரு தொட்டிக்குப் போட்டேன். அதைச் சொல்ல ஆரம்பித்தேன். செகந்திராபாத் நெரிசலில் பாதியில் நின்றுபோயிற்று. மீதியை எழுதிக் கொடு அம்மா என்றான். அதனால் எழுதுகிறேன்.

நான் லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்தவள். அப்பா ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து வண்டிப்பெட்டி ஒர்க்‌ஷாப்புக்கு வேலைக்கு வந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கடையில் தக்கனி உருது, கன்னியாஸ்திரிகள் பள்ளியில் ஆங்கிலம். பாலிடெக்னிக்கில் சிவில் பிரிவில் பெண்கள் இரண்டே பேர். இன்னொருத்தி கல்யாணமாகிப் போய்விட்டாள். நான் சனத்நகர் தாண்டி இருந்த ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் டிரேஸராகச் சேர்ந்தேன். அடுத்தவர் போட்ட படத்தை மெழுகுத் துணியில் மைபோட்டு எடுக்கிற வேலை. பிறகு இலாகாத் தேர்வு எழுதி, காலனியின் குடிநீர், கழிவுநீர்ப் பிரிவில் ஜூனியர் இன்ஜினியர் ஆனேன். பெண் என்பதால் என்னை ஆபீஸிலேயே உட்கார வைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். உட்கார வைக்கவில்லை. அதற்குக் காரணம் எங்கள் எக்ஸிகியூடிவ் இன்ஜினியர் ஹபீப் சாஹிப்.

அவர் பழைய நகரத்துக்காரர். குட்டையான, மெலிந்த மனிதர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. படத்தை மேஜையில் விரித்தால் மற்ற அதிகாரிகள் தண்ணீர் உள்ளே வருகிற மூலையிலிருந்து பார்ப்பார்கள். இவர் வெளியே போகிற மூலையில் ஆரம்பிப்பார். பென்சிலின் மழுங்கிய பக்கத்தைச் சாக்கடைச் சேம்பர் மேல் வைத்து, கோட்டின் மேலேயே பின்னோக்கி நகர்த்திக்கொண்டு வருவார். சரியில்லாத இடத்தில் பென்சில் நின்றுவிடும். வாய் திறக்க மாட்டார். ஏன் நின்றது என்று நாமே கண்டுபிடிக்கிற வரை ஏலக்காயை மென்றுகொண்டிருப்பார். கண்டுபிடித்துச் சொன்னால் "ஹவ்" என்று, ஆமாம் என்பதாக, தலையை ஆட்டிவிட்டு மேலே போவார். என்னை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார். எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளை பிறந்த பிறகும் மிஸ்தான்.

அவர் ஏன் அப்படிப் பார்க்கிறார் என்பது நான் சேர்ந்த சில வருஷத்தில் புரிந்தது. காலனியில் ஒரே ஒரு வரிசை வீடுகளில் மட்டும் மஞ்சள் காமாலை வந்தது. தண்ணீரில் மருந்து போடுவதை அதிகமாக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு. ஹபீப் சாஹிப் அதையும் செய்தார். அத்தோடு என்னையும் ஃபிட்டர்களையும் கூட்டிக்கொண்டு அந்த வரிசையின் சாக்கடையை முடிவிலிருந்து மேல்நோக்கி, மூடி மூடியாகத் திறந்து பார்த்துக்கொண்டே நடந்தார். ஒரு சேம்பருக்குள் குடிநீர்க் குழாய் குறுக்கே போயிருந்தது. யாரோ எப்போதோ சுருக்குவழியாகப் போட்டது. துருப்பிடித்து ஊசித்துளை விழுந்திருந்தது. தண்ணீர் வருகிற நேரத்தில் அந்தத் துளை வெளியே பீய்ச்சும். தண்ணீர் நின்றதும் சாக்கடையை உள்ளே உறிஞ்சும். அந்த வாரம் ஒரு குழந்தை இறந்துபோயிருந்தது. அவர் சேம்பர் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பானி கிதர் ஜாதா, வோ பெஹ்லே தேக்னா, மிஸ்" என்றார். தண்ணீர் எங்கே போகிறது, அதை முதலில் பார்க்க வேண்டும். அன்று முதல் நானும் கடைசிச் சேம்பரிலிருந்துதான் படத்தைப் படிக்கிறேன்.

தங்கராஜ் விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கராஜ் எங்கள் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டியவர். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம், மெட்டுகுடாவில் வளர்ந்தவர். நல்ல உயரம், அகலத் தோள். கிரேன் கூண்டுக்கு ஏறும் இரும்பு ஏணியிலிருந்து ஒருநாள் தவறி விழுந்தார். முதுகெலும்பில் அடி. பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து சக்கர நாற்காலியோடு வீட்டுக்கு வந்தார். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. ஆனால் கால்கள் சும்மா இருக்கவில்லை. திடீரென்று விறைத்து இழுக்கும், ராத்திரி தூங்க விடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பு முழுக்க மிதக்கும்படி இருந்து கால்களை அசைத்துக் கொடுத்தால் அந்த இழுப்புக் குறையும் என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரிக்குத் தினம் தூக்கிக்கொண்டு போக முடியாது. வீட்டிலேயே பெரிய தொட்டி கட்டிக் கொடுக்க நிர்வாகம் ஒப்புக்கொண்டது. வேலை என் மேஜைக்கு வந்தது.

நான் அவர்கள் வீட்டுக்கு அளவெடுக்கப் போனேன். ஒற்றை மாடிக் கட்டடத்தில் கீழ்த்தளம். கீழே இரண்டு வீடு, மேலே இரண்டு வீடு. அவர் மனைவி சரோஜா, இருபத்தைந்து வயதுகூட இருக்காது, ஒல்லியான பெண். தங்கராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கேட்டதற்கெல்லாம் சரோஜாதான் பதில் சொன்னாள். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அவர் திரும்பினார். உங்களை யார் தொட்டியில் இறக்குவார்கள் என்று கேட்டேன்.

"இவதான். வேற யாரும் வேணாம் மேடம். என்னை நாலு பேர் தூக்கிப் பாத்தது போதும்."

அந்த ஒரு வாக்கியம் என் படத்தை முழுசாக மாற்றிவிட்டது. அகலமான தோளுள்ள ஓர் ஆளை, அவர் எடையில் பாதி இருக்கிற ஒரு பெண் தனியாக இறக்கி ஏற்ற வேண்டும். தொட்டியைத் தரைக்கு மேல் உயரமாகக் கட்டினால் தூக்க முடியாது. தரைக்குள் புதைத்தால் இறக்கலாம், மறுபடி மேலே எடுக்க முடியாது.

ஆபீஸில் பல நாள் யோசித்தேன். கடைசியில் தண்ணீரே தூக்கட்டும் என்று தோன்றியது. தொட்டியின் விளிம்பைச் சக்கர நாற்காலியின் இருக்கை உயரத்துக்கே கட்டுவது. விளிம்பை ஓர் அடி அகலத்துக்கு விட்டு, மழமழப்பாக உருட்டிவிடுவது. அவர் நாற்காலியிலிருந்து நகர்ந்து விளிம்பில் உட்காருவார், அங்கிருந்து நிறைந்த தண்ணீருக்குள் சரிவார். வெளியே வரும்போதும் தொட்டி நிறைந்தே இருக்க வேண்டும். தண்ணீர் அவரை விளிம்பு மட்டத்துக்கு மிதக்க வைத்திருக்கும். கைகளில் பலம் இருந்தது. சரோஜா கால்களை மட்டும் எடுத்து வைத்தால் போதும். அவர் நாற்காலிக்கு வந்த பிறகுதான் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும்.

அடுத்தது சூடு. எங்கள் ஊர்க் குளிர்காலத்தில் அவ்வளவு தண்ணீரைச் சுட வைக்க வீட்டு மின்சாரம் தாங்காது. மொட்டை மாடியில், கீழே சுவர்கள் சந்திக்கிற இடமாகப் பார்த்து, தட்டையான ஒரு தகரத் தொட்டி. அதற்குக் கறுப்புப் பெயின்ட். வெயிலிலேயே தண்ணீர் நன்றாகச் சுடும். அதன் பக்கத்தில் ஓலைக் கூரை போட்டு ஒரு பச்சைத் தண்ணீர்த் தொட்டி. மழை நாளுக்குப் பின்கட்டில் விறகு போட்டு வெந்நீர் காய்ச்சும் செப்பு ஹமாம். இரண்டு தண்ணீரும் நேராகக் குளியலறைக்குப் போகாது. பின்கட்டில் மார்பு உயரத்தில் சிமென்ட்டில் ஒரு சின்னக் கலப்புத் தொட்டி. அங்கே இரண்டும் விழுந்து கலந்து, சரோஜா முழங்கையை விட்டுப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் சுவரைத் துளைத்துப் போகும் அகலக் குழாய் வழியாக உள்ளே போகும். காலில் உணர்ச்சி இல்லாதவருக்குக் கொதிக்கிற தண்ணீர் பட்டாலும் தெரியாது. தோல் உரிந்து தொங்கும்போதுதான் தெரியும்.

படத்தை ஹபீப் சாஹிப் முன்னால் விரித்தேன். பென்சில் வழக்கம்போல வெளியே போகிற மூலையில் ஆரம்பித்தது. உடனே நின்றுவிட்டது. தொட்டியின் அடித்தளத்தை அரை அடி தரைக்குக் கீழே இறக்கியிருந்தேன். சாக்கடைச் சேம்பர் அதைவிட மேட்டில் இருந்தது. அதை நான் குறித்தே வைத்திருந்தேன், வழிதான் தெரியவில்லை. அவர் யோசித்தார். பின்னால் தோட்டத்தில் ஒரு சம்ப் தோண்டலாம், தொட்டித் தண்ணீர் அதில் விழட்டும், அங்கே ஒரு கைப்பம்பு வைத்தால் நாலு வீட்டுக்காரர்களும் கக்கூஸுக்கும் செடிக்கும் எடுத்துக்கொள்வார்கள், ஒரு ஆள் குளிக்க இவ்வளவு தண்ணீரா என்று நாளைக்கு யாரும் கேட்க மாட்டார்கள் என்றார். தொட்டிக்கும் சம்ப்புக்கும் நடுவில், சக்கரத்தைத் திருகித் திறந்து மூடும் ஒரு கேட் வால்வு. அதைக் குளியலறைக்குள் வைத்தால் கால் இழுக்கும்போது அவர் உதைத்துக்கொள்வார். அதனால் வெளியே, தோட்டத்துச் சுவரோரம்.

பென்சில் இன்னும் ஒரு இடத்தில் நின்றது. தண்ணீர் உள்ளே விழும் வாயை நான் கால் பக்கம் போட்டிருந்தேன், குழாய் நீளம் குறையும் என்று. அவர் ஏலக்காயை மென்றார். எனக்கு விளங்கியது. தலைப்பக்கத்துக்கு மாற்றினேன். தண்ணீர் முதலில் உணர்ச்சி இருக்கிற உடம்பைத் தொட வேண்டும்.

"ஹவ்" என்றார்.

தொட்டி பொங்கலுக்கு முன்னால் தயாரானது. முதல் நாள் நான் பின்கட்டில் நின்று தண்ணீர் விட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் உள்ளே இருந்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. சரோஜா வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. இரண்டு வாரம் கழித்து வால்வைப் பார்க்கப் போனேன். தங்கராஜ் தானாகவே என்னைக் கூப்பிட்டார்.

"தண்ணியில எறங்குனா கனமே இல்ல மேடம். காலு ரெண்டும் தானா மேல வந்து மெதக்குது. பாத்துக்கிட்டே இருந்தேன். என் காலு நகர்றத இப்பதான் பாக்குறேன்."

இழுப்பும் குறைந்தது. தூங்கினார். சரோஜாவும் தூங்கினாள்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. அடுத்த வருஷம் மழை பொய்த்தது. கோடையில் ஊர் ஏரிகள் வற்றி, காலனிக்கு வரும் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. பிறகு அதுவும் இல்லை. லாரித் தண்ணீர்தான். மக்கள் ஆபீஸ் வாசலுக்கு வந்து நின்றார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை, ஒரு வீட்டில் மட்டும் தொட்டி நிறையக் குளியலா என்று கேட்டார்கள். மேல்வீட்டு அனசூயம்மாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். தெலுங்குக்காரர், கணவரை இழந்தவர், அதே தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகனோடு இருந்தார். முட்டிவலி, மெதுவாகத்தான் நடப்பார். ஹபீப் சாஹிப் எல்லாரையும் உட்காரவைத்து, அது குளியல் இல்லை, மருந்து என்று சொன்னார். கேட்டுக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன்.

சரோஜா காதுக்கு அது போயிருக்கிறது. அவளாகவே வாரத்துக்கு ஒரு தடவை என்று குறைத்துவிட்டாள். தங்கராஜுக்கு இழுப்பு அதிகமானது. இடுப்பில் ஒரு படுக்கைப் புண்ணும் வந்தது.

அந்தக் கோடையில் ஒருநாள் பிற்பகல் அவர்கள் தெருவுக்கு லாரி வந்தது. சண்டை வராமல் பார்த்துக்கொள்ள நானும் லாரியோடு போயிருந்தேன். எல்லா வீட்டிலிருந்தும் குடம், பக்கெட், பால் கேன் என்று எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். சரோஜாவும் இரண்டு குடத்தோடு வந்தாள். அன்று வாரக் குளியல் நாள். அவர் தண்ணீரில் இருப்பதால் வரிசையில் முன்னால் விடச் சொல்லி என்னிடம் மெதுவாகச் சொன்னாள். விட்டேன். அவள் குடங்களோடு போனாள். லாரி காலியாகிக் கிளம்புகிற நேரம், ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, தொட்டியில தண்ணி இல்லக்கா. அடியில கெடக்குறாரு."

நடந்தது இதுதான். சரோஜா குடத்தோடு லாரிக்குப் போவதை அனசூயம்மா மேலிருந்து பார்த்திருக்கிறார். குளியல் முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். லாரிக்கு ஓட அவரால் முடியாது, கக்கூஸுக்கு ஊற்ற வீட்டில் ஒரு சொட்டு இல்லை. மெல்ல இறங்கி வந்து தோட்டத்து வால்வைத் திருகிவிட்டார். தொட்டித் தண்ணீர் முழுக்கச் சம்ப்புக்குப் போய்விட்டது. உள்ளேயிருந்து தங்கராஜ் கத்தியிருக்கிறார். லாரிச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

நான் ஓடிப்போய் முதலில் வால்வை மூடினேன். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. சரோஜா மட்டும் உள்ளே போய் வந்தாள். அவர் கையால் ஊன்றி எழப் பார்த்து வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்புப் புண் சுவரில் உரசி ரத்தம். டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார், எந்தக் காரணத்துக்கும் அவரை இழுக்கக் கூடாது, முதுகும் தாங்காது, தோலும் தாங்காது என்று. நாலு ஆண்களைக் கூப்பிட்டு, போர்வையைக் கீழே கொடுத்துத் தூக்கலாமா என்று கதவுக்கு வெளியிலிருந்து கேட்டேன்.

"யாரும் வரக் கூடாது மேடம்." குரல் நிதானமாகத்தான் இருந்தது. "ராத்திரி வரைக்கும்கூட இப்படியே கெடக்குறேன். யாரும் வர வேணாம்."

நான் வற்புறுத்தவில்லை. அவரைத் தூக்கத்தான் அந்தத் தொட்டியில் தண்ணீர். தண்ணீர் மறுபடி வந்தால் அவர் தானாக மேலே வருவார். ஆனால் மாடியில் இரண்டு தொட்டியும் காலி. வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த தண்ணீரெல்லாம் அந்தக் குளியலுக்கே போயிருந்தது.

அதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சம்ப்பில் இருப்பதையே கைப்பம்பில் இறைத்துத் திரும்ப விடலாம் என்று ஒருவர் சொன்னார். சரோஜா வேண்டாம் என்றாள். பல நாள் சோப்புத் தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்த சம்ப் அது. திறந்த புண்ணில் அது படக் கூடாது. சொல்லிவிட்டு அவள் தான் கொண்டுவந்த இரண்டு குடத்தையும் தூக்கிப் போய்க் கலப்புத் தொட்டியில் கவிழ்த்தாள். இரண்டு குடம் அந்தத் தொட்டிக்கு எந்த மூலைக்கு? அது அவளுக்கும் தெரியும்.

மாடிப்படியில் அனசூயம்மா ஒரு பக்கெட்டோடு இறங்கி வந்தார். ஒவ்வொரு படியிலும் பக்கெட்டை வைத்து, காலை வைத்து, மறுபடி பக்கெட்டை எடுத்து. அது, இடையில் வேலையிலிருந்து வந்த அவர் மகன் லாரியில் பிடித்து மேலே கொண்டு வைத்த குடிதண்ணீர்.

"நேனே திப்பானம்மா" என்றார் என்னிடம். நான்தான் திருகினேன். பக்கெட்டைக் கலப்புத் தொட்டிக்கு நேரே தூக்க அவரால் முடியவில்லை. நான் பிடித்துக்கொண்டேன்.

பிறகு எதிர்வீடு வந்தது. அதற்கடுத்த வீடு வந்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை, கூப்பிடுகிற உரிமையும் எனக்கு இல்லை. ஆபீஸ் வாசலில் நின்று கத்தியவர்கள்தான் அவர்கள். இப்போது வாங்கிய தண்ணீரைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு வந்து, ஊற்றிவிட்டு, அடுத்தவருக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள். யாரும் குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் விழும் சத்தமும் பக்கெட் வளையம் கிலுங்கும் சத்தமும்தான்.

சரோஜா கலப்புத் தொட்டிப் பக்கத்திலேயே நின்றாள். சிலர் கொண்டுவந்தது வெயிலில் கிடந்த டிரம் தண்ணீர், கை வைக்க முடியாத சூடு. சிலர் கொண்டுவந்தது மண்பானைத் தண்ணீர். உள்ளே போகும் வாயை ஒரு துணியால் அடைத்து வைத்துக்கொண்டு, கலக்கி, முழங்கையை விட்டுப் பார்த்து, சரி என்றால்தான் துணியை எடுப்பாள். மறுபடி அடைப்பாள். ஒரு தடவைகூட அவசரப்படவில்லை. அவ்வளவு பேர் கனத்தைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்கள், யாரும் சீக்கிரம் என்று சொல்லவில்லை.

நான் கதவோரம் நின்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எதுவரைக்கும் வந்திருக்கு?"

"முட்டி மூடுது."

கொஞ்ச நேரம் கழித்து, "இடுப்புக்கு மேல வந்துருச்சு. சுடல."

இன்னும் பல பக்கெட் விழுந்தது. நான் மறுபடி கேட்டேன்.

"காலு மேல வருது மேடம்" என்றார். "வெளிய யார் யாரு ஊத்துறாங்க?"

நான் வீடு வீடாகச் சொன்னேன். அனசூயம்மா பெயரையும் சொன்னேன். அவர் அழுதார். அந்த அழுகை பின்கட்டு முழுக்கக் கேட்டது. அப்போதும் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டுதான் ஊற்றினார்கள். மாலை வெயில் இறங்குகிற நேரத்துக்குச் சரோஜா உள்ளே போய், கால்களை எடுத்து விளிம்பில் வைத்து, அவரை நாற்காலிக்குக் கொண்டுவந்தாள். தெருவில் அன்று யார் வீட்டிலும் சமையலுக்குத் தண்ணீர் இருந்திருக்காது. நான் ஆபீஸுக்கு ஓடி, தொழிற்சாலைக் கேன்டீனுக்கு என்று ஒதுக்கியிருந்த லாரியைத் திருப்பிவிடும்படி கேட்டேன். ஹபீப் சாஹிப் உடனே ஃபோனை எடுத்தார். கேன்டீன் மேனேஜர் என்னவெல்லாமோ சொன்னார் போலிருக்கிறது. இவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, லாரி போயாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் டிரைவரைக் கூப்பிட்டார்.

அடுத்த நாள் அவரே வந்து பார்த்தார். வால்வை மூடித் திறந்து பார்த்தார். அதன் சக்கரத்தைக் கழற்றச் சொல்லி, சரோஜா கையில் கொடுத்தார். இனி அவளைத் தவிர யாரும் திறக்க முடியாது. திரும்பும்போது, நடந்ததை ரிப்போர்ட்டாக எழுத வேண்டும், யார் திருகியது என்று போடுவதா என்று கேட்டேன்.

"நாம் நக்கோ லிக்கோ, மிஸ்" என்றார். பெயர் எழுத வேண்டாம். "அந்தம்மாவுக்குத் தண்ணீர் இல்லை. அதை எழுது."

அப்படியே எழுதினேன். அந்தக் கோடை முடிகிறவரை அந்தத் தெருவுக்கு ஒரு லாரி அதிகமாக வந்தது.

தங்கராஜ் எழுந்து நடக்கவில்லை. நடப்பார் என்று டாக்டரும் சொல்லியிருக்கவில்லை. அவருக்குத் தொழிற்சாலையின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்த வேலை கொடுத்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுகிறவரின் குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துப் பெயர் சொல்லி வணக்கம் சொல்வார். நான் பம்ப் ஹவுஸிலிருந்து கூப்பிட்டால், "தண்ணி வருதா மேடம்?" என்று கேட்டுவிட்டுத்தான் இணைப்புக் கொடுப்பார். அனசூயம்மா தினமும் மாலை இறங்கி வந்து அவரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். இவருக்குத் தெலுங்கு நன்றாக வரும். என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாது.

தங்கராஜ் அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் இருந்தார். ஒரு மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்து இறந்துபோனார். நாராயணகுடா கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். ஹபீப் சாஹிப் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். பழைய நகரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, கூட்டத்தின் ஓரமாக நின்றுவிட்டுப் போனார்.

சரோஜாவுக்கு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கொடுத்தார்கள். சின்ன குவார்ட்டர்ஸுக்கு மாற வேண்டும். பழைய வீட்டை வேறொருவருக்கு ஒதுக்கினார்கள். அவருக்கு அவ்வளவு பெரிய தொட்டி இடைஞ்சல், இடித்துத் தரை போட்டுக் கொடுங்கள் என்று கேட்டார். நியாயமான கோரிக்கைதான். இடிக்கிற வேலையும் என் பிரிவுக்கே வந்தது.

மேஸ்திரி வருவதற்கு முதல் நாள் நான் பார்க்கப் போனேன். வீடு காலியாகியிருந்தது. சாமான் மூட்டை நாலைந்து மட்டும் முன்னறையில். சரோஜா பெருக்கிக்கொண்டிருந்தாள். நான் குளியலறையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். அவள் துடைப்பத்தை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அக்கா, ஒரு தடவ தண்ணி விடலாமா?"

ஏன் என்று நான் கேட்கவில்லை. நல்ல மழை பெய்திருந்த வருஷம். மாடியில் இரண்டு தொட்டியும் நிறைந்திருந்தன. நான் குழாயைத் திறந்தேன். அவள் வழக்கம்போலப் பின்கட்டில் நின்று, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்கையை விட்டுப் பார்த்தாள். கொஞ்சம் பச்சைத் தண்ணீர் சேர்க்கச் சொன்னாள். மறுபடி பார்த்தாள். தொட்டி நிறைந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் பின்கட்டுப் படியில் உட்கார்ந்தேன். தண்ணீர் அலம்புகிற சத்தம் ஒரே ஒரு தடவை கேட்டது. வெகுநேரத்துக்குப் பிறகு அவள் குரல் வந்தது. என்னைக் கூப்பிடுகிற குரல் இல்லை அது, இருந்தாலும் எனக்குத்தான் சொன்னாள்.

"இத்தன வருசமா இந்தத் தண்ணிய முழங்கையால மட்டும்தான்கா பாத்தேன். இவ்ளோ இதமா இருந்திருக்கு. அவருக்குப் பாதி ஒடம்புக்குத்தான தெரிஞ்சிருக்கும்."

இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வரச் சொன்னேன். மாலை ஆகும்வரை அவள் உள்ளேயே இருந்தாள். மேஸ்திரி அடுத்த நாள் வந்தார்.